லேவியராகமத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். வருஷத்துக்குள் வேதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லி சபையில் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து மூன்று அதிகாரம் வாசித்து, வாட்ஸ்அப் குழுவில் டிக் போட்டுவிட்டுத்தான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறேன். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் யாரிடமாவது கத்திவிடுகிறேன். சம்பளச் சீட்டோடு வந்து நிற்கும் வங்காளதேசத் தொழிலாளர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. "பைபிள் படிச்சு என்ன பிரயோஜனம், வாய் கொஞ்சமும் குறையலையே" என்று மாமியார் சொன்னது நெஞ்சில் குத்துகிறது. வேதத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் மண்டையில் ஏறவில்லை. தாண்டி அடுத்த புத்தகமான எண்ணாகமத்துக்குப் போய்விட்டேன். வேறு அட்டவணைக்கு மாறட்டுமா?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அட்டவணை இருக்கட்டும், வேகத்தைக் குறையுங்கள். வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று ஓடினால்தான் வருஷத்துக்குள் முடியும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கினால் மாதக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். நிறையப் பேர் அங்கேதான் நின்றுபோகிறார்கள். அதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் தாண்டிய 27 அதிகாரங்களில் ஒன்று உங்கள் மேசைக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: 19-ஆம் அதிகாரம்.

"கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது அதன் 13-ஆம் வசனம். அன்றாடம் காய்ச்சிக்கு அன்றைய கூலி வந்தால்தான் அன்று உலை ஏறும். அது கர்த்தருக்குத் தெரிந்திருக்கிறது. நம் மலேசிய நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும் என்கிறது. நீங்கள் முதலாளி இல்லை, சரி. ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எழுதிக் கொடுக்கும் கணக்கு உங்கள் கை வழியாகத்தானே போகிறது? உதிரிப் பழத்தில் இரண்டு மூட்டை விட்டுப்போனால், குனிந்து குனிந்து பொறுக்கியவருக்குத்தான் அதன் வலி தெரியும். அவர் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவது உங்களைத் தொந்தரவு செய்ய இல்லை, அம்மா. அந்தச் சீட்டில் சந்தேகம் வந்தால் கேட்க அவருக்கு வேறு ஆள் கிடையாது.

அதே அதிகாரத்தில் இன்னும் கீழே போங்கள். உங்கள் நடுவில் வந்து குடியிருக்கும் அந்நியனை ஒடுக்காதீர்கள், சொந்த நாட்டுக்காரனைப் போல எண்ணி அன்பு செலுத்துங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்களே என்று வருகிறது. இதைத் தோட்டத்தில் பிறந்த ஒரு தமிழரால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியுமா? நம் தாத்தா பாட்டிமாரும் கப்பல் ஏறி வந்து, மொழி புரியாத துரைக்கு முன்னால் கூலிக்காகக் கைகட்டி நின்றவர்கள்தான். இன்று அந்த இடத்தில் நிற்பவர் வேறு தேசத்துக்காரர். அவர் சொல்வதைக் கேட்கும் இடத்தில் இருப்பது நீங்கள்.

இனி காலையில் வாசிக்கும்போது, இன்று நான் பார்க்கப்போகும் எந்த மனிதரைப் பற்றி இது பேசுகிறது என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். ஒரு முகம் மனதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அது முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனமாக இருந்தாலும் பரவாயில்லை. காலண்டர் தாளில் அந்தப் பெயரை எழுதுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நடக்காது. நீதிமொழிகள் 3:28, கையில் இருக்கும்போதே அயலானிடம் "நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன்" என்று சொல்லக் கூடாது என்கிறது. ஆபீஸ் கவுண்டரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "நாளைக்கு வா" சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த முகமும் வராத நாட்களும் உண்டு. அன்று வாசித்துவிட்டு நிம்மதியாகப் போங்கள். ஆனால் வறண்டதாகத் தெரியும் இடத்தில்கூடக் கொஞ்சம் நின்று பாருங்கள். குஷ்டத்தைப் பற்றிச் சொல்லும் லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், சந்தேகம் இருந்தால் ஆசாரியன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏழு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும், தேவையானால் இன்னும் ஏழு நாள். "இவனுக்கு வேற வேலையே இல்லை" என்று ஒரே நொடியில் முடிவு கட்டுகிறோமே, நமக்கும் அது வேண்டும்தானே?

கடைசியாக யாரிடம் கத்தினீர்களோ, நாளைக்குப் பெரட்டில் அவரைத் தேடிப் போங்கள். "மாஃப் யா, பாங்" (மன்னிச்சிடுங்க, அண்ணே) என்று மலாயில் சொல்லிவிட்டு, அவர் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகக் காட்டி விளக்குங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம், கணக்கு சரியாக இருந்தால் போதும். இதை வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

மாமியார் சொன்னது குத்தத்தான் செய்யும். ஆனால் உங்கள் வாசிப்புக்குப் பலன் இருக்கிறதா என்று தினமும் பக்கத்திலிருந்து பார்ப்பவர் அவர்தான். குழுவில் இருப்பவர்களுக்கு உங்கள் டிக் மட்டுமே தெரியும். அவரிடம் கோபித்துக்கொள்ளாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து வசனம் அவர் காதில் விழச் சத்தமாக வாசியுங்கள். நெகேமியா 8-இல் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்க, ஜனங்கள் கேட்டு அழுதார்கள். அழாதீர்கள், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களும் அப்படியே செய்தார்கள். வாசித்து முடிப்பதற்கும் அடுத்த வீட்டுக்குச் சாப்பாடு போவதற்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. இந்த அதிகாரத்தை மாமியாரோடு சேர்ந்து வாசித்துவிட்டு, "யார் வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்பலாம், அத்தை?" என்று கேளுங்கள். லயத்தில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பாஸ்டர் ஐயாவிடம் இரண்டு வருஷத்தில் முடிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், ஒத்துக்கொள்வார். எண்ணாகமத்தில் அடையாளம் வைத்துவிட்டு, இன்று ராத்திரி லேவியராகமம் 19-ஐ எடுங்கள்.