ரில்லியம் வளர்ப்பு: சில கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1937ஆம் ஆண்டில் தன் மலராக ஏற்றுக்கொண்ட வெண்ரில்லியம் என்னும் காட்டுப்பூச்செடியை வீட்டு வளவில் வளர்க்க விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அதைப் பல ஆண்டுகளாக விதையிலிருந்து வளர்த்துவரும் அனுபவத்தைக் கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் அடியில் புல்கூட வளரவில்லை. ரில்லியம் வளருமா? (ஸ்காபரோ வாசகி)

அது எந்த மேப்பிள் என்பதை முதலில் அறிய வேண்டும். இலைக்காம்பொன்றை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால், அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட நோர்வே மேப்பிளாக இருக்கக்கூடும். அதன் அடர்ந்த நிழலிலும், மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்களுக்கு நடுவிலும் ரில்லியம் திணறும். இந்நாட்டுக்குரிய சர்க்கரை மேப்பிள் என்றால் கவலையில்லை, ரில்லியம் காட்டில் வாழ்வதே அதன் அடியில்தான். மரங்கள் தளிர்த்து நிழல் மூடுவதற்கு முன் தரையில் விழும் வசந்தகால வெயிலைக் கொண்டே அது தன் உணவின் பெரும்பகுதியைத் தயாரித்துக் கிழங்கில் சேமித்துக்கொள்கிறது. ஆகவே இலையுதிர்காலத்தில் சருகுகளை வாரிப் பைகளில் கட்டி வீதியோரம் வைத்துவிடாமல், அந்த மரத்தடியிலேயே மட்க விடுங்கள்.

மண்ணை வளப்படுத்த மண்புழு வாங்கி விடலாமா?

வேண்டாம். மண்புழு உழவனின் நண்பன் என்று நாம் பள்ளியில் படித்தது நம் ஊர் வயலுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒன்ராறியோ கடைசிப் பனியுகத்தில் பனிப்படலத்தின் அடியில் கிடந்த நிலம். அதனால் இன்று இங்கே காணப்படும் மண்புழுக்கள் ஏறக்குறைய அனைத்தும் பிற கண்டங்களிலிருந்து மனிதரோடு வந்தவை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த சருகுப் படுக்கையை அவை விரைவில் தின்று தீர்த்துவிடுகின்றன. அந்தப் படுக்கை போனால் காட்டுப்பூக்களின் நாற்றுகளுக்கு ஈரமும் இல்லை, மறைவும் இல்லை. மீன்பிடிக்கச் செல்வோர் தூண்டிலுக்குப் போக மிஞ்சிய புழுக்களைக் காட்டில் கொட்டாதிருப்பது பேருதவி.

கோடையில் விதை சேகரித்து, உலர்த்திப் பத்திரப்படுத்தி, ஏப்ரலில் விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. (பிரம்டன் வாசகர்)

உலர்த்தியதுதான் தவறு. காய் கனிந்து மென்மையாகித் தானே கழன்று வரும் நாளில் விதைகளை எடுத்து, ஈரம் காயுமுன் விதைத்துவிட வேண்டும். ஒவ்வொரு விதையிலும் கொழுப்பு நிறைந்த வெண்ணிறத் தசைத்துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகவே விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, துணுக்கைத் தின்றபின் விதையை எறிந்துவிடுகின்றன; காட்டில் ரில்லியம் பரவுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

விதைத்தபின் இரண்டு குளிர்காலங்கள் கடக்க வேண்டும். முதற்குளிருக்குப் பின் மண்ணுக்குள் வேர் மட்டுமே புறப்படும். மேலே எதுவும் தெரியாது. முதன்முறை நான் அந்த நிலையில் பொறுமையிழந்து சாடியைக் கவிழ்த்துவிட்டேன். கொட்டிய மண்ணில் ஒவ்வொரு விதையின் நுனியிலும் நூல்போல வெண்ணிற வேர் நீண்டிருந்ததைக் கண்டபோது மனம் மிகவும் வருந்தியது. இரண்டாம் வசந்தத்தில் ஒடுங்கிய ஒற்றை இலை வரும். பின் சில ஆண்டுகள் அகன்ற ஒற்றை இலையோடு நிற்கும். அதன்பின்னரே மூவிலை, பிறகு பூ. விதைத்த நாளிலிருந்து பூக்கும் நாள்வரை பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும்.

பூவைக் குவளையில் வைக்கப் பறிக்கலாமா?

பூவுக்குக் கீழே நெருங்கி இருப்பவை அந்தத் தண்டின் மூன்று இலைகள் மட்டுமே. தண்டோடு பறித்தால் அந்த ஆண்டின் உணவு முழுவதையும் பறித்துவிடுகிறீர்கள். கிழங்கு மெலியும், சிலவேளை செடியே அழியும். மாகாணப் பூங்காக்களில் பறிப்பதற்குத் தடையும் உண்டு.

என் வெண்ரில்லியம் இளஞ்சிவப்பாகிவிட்டது. நோயா?

இல்லை, வெண்பூ முதிரும்போது இயல்பாகவே அந்த நிறத்துக்கு மாறும். இதழில் பச்சைக் கோடுகள் தோன்றினால்தான் கவனம் தேவை. அது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வருவது, மருந்து கிடையாது. அழகாக இருக்கிறதென்று அத்தகைய செடியை வாங்கிவந்து நடாதீர்கள்.

கிழங்குகள் மலிவாக விற்கப்படுகின்றன. வாங்கலாமா? (ஒட்டாவா வாசகி)

பூக்கும் பருவத்துக்கு வளர்ந்த கிழங்கின் பின்னால் ஏழெட்டு ஆண்டு உழைப்பு இருப்பதால், அதை மலிவாக விற்கிறார்கள் என்றால் காட்டிலிருந்து தோண்டியதோ என்ற ஐயம் எழத்தான் வேண்டும். விதையிலிருந்து தாங்களே வளர்த்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்; தெளிவான பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். நம்பத்தக்க கிழங்கு கிடைத்தால், இலைகள் மடிந்த பின் செப்டம்பரில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, நீரூற்றி, மேலே மேப்பிள் சருகைப் பரப்பிவிடுங்கள்.