மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் எது சிஸ்டம் டேட்டாபேஸ், எது நாம் உருவாக்கியது?

சர்வரை நிறுவும்போதே தானாக வருபவை சிஸ்டம் டேட்டாபேஸ்கள்: மாஸ்டர், டெம்ப்டிபி, மாடல், எம்எஸ்டிபி (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பதிவு இருப்பது). சர்வரில் உள்ள டேட்டாபேஸ்களையெல்லாம் காட்டும் சிஸ்.டேட்டாபேசஸ் பட்டியலில் இவற்றின் எண் (டேட்டாபேஸ்_ஐடி) வரிசையாக 1 முதல் 4. நாம் உருவாக்குபவை 5-லிருந்து தொடங்கும்.

செங்கோட்டையில் கமிஷன் கடையை வாடகைக்கு எடுத்தால் மீட்டரும் மெயின் சுவிட்சும் கடையோடு வரும். புளியரை தாண்டிக் கொல்லத்துக்குப் போகும் காய்கறி மூட்டைதான் நம்முடையது. மாஸ்டர்தான் அந்த மெயின் சுவிட்ச். லாகின்களும் மற்ற டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் இடமும் அதில் பதிவாகியிருக்கும். அது கெட்டால் சர்வரே எழாது. மாடல் ஓர் அச்சு: தவறுதலாக அதில் ஒரு டேபிள் போட்டுவிட்டால், பிறகு உருவாக்கும் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அது முளைக்கும். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டெம்ப்டிபி புதிதாக உருவாகும், அதில் எதையும் சேமித்து வைக்காதீர்கள்.

4-க்கு மேலே உள்ளதெல்லாம் நம்முடையது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்: அறிக்கைச் சேவைக்கான ரிப்போர்ட்சர்வரும் ரெப்ளிகேஷனுக்கான (தரவை வேறு டேட்டாபேஸுக்கு நகலெடுத்து அனுப்புவது) டிஸ்ட்ரிபியூஷனும் 5, 6 என்று எண் பெற்று நம்முடையவற்றோடு கலந்து நிற்கும்.