மாசுகளுள் ஐயத்துக்குரியது எது?

கேள்வி: காற்றிலும் நீரிலும் நூற்றுக்கணக்கான மாசுகள் இருக்கையில், நோயோடு தொடர்புடையது எது என்று எவ்வாறு கண்டறிகிறார்கள்?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: முன்பு ஒரு பொருளைச் சந்தேகித்து அதை மட்டுமே ஆராய்ந்தார்கள். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் சிராக் படேல் குழுவினர், அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வின் அளவீடுகளிலிருந்து 266 காரணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாம் வகை நீரிழிவுடன் ஒப்பிட்டபோது, ஹெப்டாகுளோர் பூச்சிக்கொல்லியின் எச்சமும் பிசிபி சேர்மங்களும் (முன்பு மின்மாற்றிகளில் பயன்பட்ட குளோரின் வேதிப்பொருள்கள்) தொடர்புடையவையாக மேலெழுந்தன. ஆனால், தற்செயலாகவே தொடர்பு தோன்ற 5 சதவீத வாய்ப்பை ஏற்கும் வழக்கமான வரம்பில் 200 பொருள்களைச் சோதித்தால், தொடர்பே இல்லாவிடினும் சுமார் 10 பொருள்கள் தொடர்புடையவைபோலத் தோன்றும். ஆகவே வரம்பைக் கடுமையாக்கி, வேறொரு மக்கள் தொகுதியிலும் சரிபார்க்க வேண்டும். அப்போதும் கிடைப்பது தொடர்புதான், காரணமன்று. உங்கள் பகுதி வெள்ளிப் பட்டறைகளில் உலோகப் புகையைச் சுவாசிப்போரிடம், வயதையும் புகைப்பழக்கத்தையும் (சிகரெட்டிலும் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு) கணக்கிற்கொண்டு, ரத்தத்தில் ஈயத்தையும் சிறுநீரில் காட்மியத்தையும் அளப்பது நல்ல தொடக்கமாகும்.