மிகுபுனைவில் பழகிய கதைக்கூறுகள்: கேள்வி பதில்

மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுதத் தொடங்கியிருக்கும் சிலர் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இங்கே.

கேள்வி: உலகைக் காக்கப் பிறந்தவன் இவனே என்று குறி சொல்லப்பட்ட நாயகனை வைத்து நாவல் எழுதுகிறேன். அடித்துத் துவைத்த கரு என்கிறார்கள் நண்பர்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். குறி பலிக்குமா என்ற கேள்வியை மட்டுமே நம்பி நாவல் நகரும்போதுதான் வாசகர் சலிப்படைகிறார். பலிக்கும் என்பது முதல் அத்தியாயத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குறியால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்டுப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில், அரசு வீற்றிருக்கும் பொறி இளையவனுக்கே உண்டு என்று ஒருவன் சொல்ல, இளங்கோ அவனைச் சினந்து நோக்கி, அண்ணன் செங்குட்டுவனின் மனத்துயர் நீங்கும்படி அப்போதே துறவு பூணுகிறார். தனக்குச் சாதகமான குறியைக் கேட்டு ஒருவன் கோபப்படுகிறான் என்பதிலேயே அவனுடைய குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. உங்கள் நாயகன் குறியைக் கேட்கும் காட்சியில் அவனருகே யார் நிற்கிறார்கள், அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை எழுதுங்கள்.

கேள்வி: மந்திரத்துக்கு எவ்வளவு கறாரான விதிகள் வேண்டும்?

பதில்: மந்திரம் வியப்பை மட்டும் தரும் இடத்தில் விளக்கமே தேவையில்லை. ஆனால் கதையின் முடிச்சை மந்திரத்தால் அவிழ்க்கப் போகிறீர்கள் என்றால், அதன் ஆற்றலும் எல்லையும் வாசகருக்கு வெகு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். இல்லையெனில் ஏமாற்றப்பட்டதாகவே அவர் உணர்வார்.

இதைக் கற்க மணிமேகலையைவிடச் சிறந்த நூலை நான் அறியேன். வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வம் முன்கூட்டியே தந்துவிடுகிறது. பின்னர் தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக மணிமேகலை, தீராப் பசிச் சாபத்தால் வாடி, பசி தீர்ந்து ஊர் திரும்பப் புறப்பட்டுவிட்ட காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையைத் தேடி வந்த அவள் கணவன் காஞ்சனன் மணிமேகலையைத் தன் மனைவி என்றே எண்ணி, அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். மந்திரம் பிழையின்றி வேலை செய்கிறது. பிழையின்றி வேலை செய்ததாலேயே ஓர் உயிர் போகிறது. எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபிக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு. மழை பெய்து நாடு செழித்ததும் பசித்தவர் எவரும் அதை முதலில் பெற்ற ஆபுத்திரனைத் தேடி வரவில்லை. பாத்திரம் பயனற்றுப் போகிறது. ஆகவே உங்கள் மந்திரத்துக்கு விதிகளை அடுக்குவதைவிட, அது எந்தச் சூழலில் உதவாது, உதவினால் யாரைக் காயப்படுத்தும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: குரு பாதிக் கதையில் இறந்தே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. நாயகன் தனியே முடிவெடுக்க வேண்டும் என்பதே அந்த மரணத்தின் நோக்கம். குரு உயிரோடிருந்தும் தவறான அறிவுரை தருகிறார் என்றால் அதே நோக்கம் இன்னும் ஆழமாக நிறைவேறும்.

கேள்வி: ஆயிரம் ஆண்டு வரலாற்றை முன்கதையாக எழுதியிருக்கிறேன். அதை எங்கே வைப்பது?

பதில்: உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். “உப்பு வணிகர்களின் கலகத்துக்குப் பின் ஆற்றின் இரு கரைகளும் பகை நாடுகளாயின” என்று தொடங்குவதைவிட, “பாலத்துக் காவலன் அவளுடைய முடிச்சை அவிழ்த்து, உப்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, பாதியைத் தன் பானையில் கொட்டிக்கொண்டான்” என்று தொடங்குங்கள். வரியும் பகையும் உப்பின் விலையும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. எஞ்சியதை வாசகரே கேட்கத் தொடங்குவார்.

கேள்வி: நாயகனின் பயணத்துக்கென்று வகுக்கப்பட்ட படிநிலைகளை அப்படியே பின்பற்றலாமா?

பதில்: 1928இல் விளாதிமிர் பிராப் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் கதைமாந்தர் செய்யும் 31 செயல்களை வரிசைப்படுத்தினார், 1949இல் ஜோசப் கேம்பல் தொன்மங்களிலிருந்து நாயகனின் பயணத்தை வரைந்து காட்டினார். இருவருமே ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்ட கதைகளைப் படித்து அவற்றின் பொது அமைப்பைக் கண்டறிந்தவர்கள். எனவே முதல் வரைவை முடித்த பிறகு, கதை எங்கே தொய்கிறது என்று பார்க்க அந்த வரிசைகளைப் பயன்படுத்துங்கள். முன்னதாகவே கையில் எடுத்தால் பாத்திரங்கள் அடுத்த படிநிலைக்காகக் காத்து நிற்கும்.

கேள்வி: என் நாவலில் ஒரே விதமான சோதனை திரும்பத் திரும்ப வருகிறது. வாசகர் பொறுத்துக்கொள்வாரா?

பதில்: வேதாளக் கதைகளை எவரும் பாதியில் விடுவதில்லை. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். அரசனை இரு பக்கமும் நெருக்கும் இந்த நிபந்தனை ஒவ்வொரு முறையும் அவனுடைய அறிவையே அவனுக்கு எதிராகத் திருப்புகிறது. கடைசிப் புதிருக்கு விடை தெரியாமல் அவன் மௌனமாக நடக்கும்போதுதான் வேதாளம் மகிழ்ந்து, அதைக் கொண்டுவரச் சொன்ன துறவியின் சூழ்ச்சியை அவனுக்கு வெளிப்படுத்துகிறது. அத்தனை முறை மாறாமல் வந்த வடிவம் இல்லையென்றால் அந்த மௌனத்துக்கு எந்த வலிமையும் இருந்திருக்காது. உங்கள் சோதனையும் திரும்ப வரட்டும். ஆனால் அது எந்த முறை, எதனால் உடைகிறது என்பதை இப்போதே தீர்மானித்துவிட்டு, முந்தைய சோதனைகளை அந்த இடத்தை நோக்கித் திருத்தி எழுதுங்கள்.