ரோமானிய அப்பாக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோமில் தகப்பன் பெற்ற மகனையே கொல்லலாம் என்று சட்டம் இருந்ததாமே?

இருந்தது. குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர்மீதே அதிகாரம் உண்டு. கி.மு. 63இல், ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்ட கேட்டிலைன் என்பவரின் சதிக் கூட்டத்தில் சேரக் கிளம்பிய ஃபுல்வியஸ் என்ற இளைஞனை அவன் தந்தை வழியிலேயே மடக்கிப் பிடித்துவரச் செய்து கொன்றார். அவர் ஒரு செனட்டர்.

ஆனால் இப்படிப்பட்ட சம்பவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரும் அவற்றைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எரிக்ஸோ என்பவர் மகனைச் சவுக்கால் அடித்தே கொன்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் பொதுமன்றத்தில் இருந்த மக்கள், அப்பன்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, கையிலிருந்த எழுத்தாணிகளாலேயே அவரைக் குத்தினார்கள். அகஸ்டஸே தலையிட்டும் அவரைக் காப்பாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. பின்னால் வந்த பேரரசர் ஹேட்ரியன், வேட்டைக்குப் போன இடத்தில் மகனைக் கொன்ற ஒருவரைத் தீவுக்கு நாடுகடத்தினார். அந்த மகன் சிற்றன்னையோடு தகாத உறவு வைத்திருந்தவன். அப்படியும் மன்னிப்பு கிடைக்கவில்லை. தந்தையின் அதிகாரம் பாசத்தில் நிற்க வேண்டும், கொடுமையில் அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். ரோமானியச் சட்ட நூல்களில் எனக்கு மிகப் பிடித்த வரி இது.

கேள்வி: கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற மகனுமா அப்பாவுக்குக் கட்டுப்பட்டவன்?

ஆமாம், அப்பா கண் மூடும்வரை. 40 வயதானாலும், நாட்டின் உயர்ந்த பதவியான கான்சலாகவே இருந்தாலும் சொத்து அவன் பெயரில் இருக்காது. சம்பாதிப்பதெல்லாம் அப்பாவுடையது. கைச்செலவுக்கும் தொழிலுக்கும் என்று அப்பா ஒதுக்கித் தருவதை வைத்துத்தான் அவன் வண்டி ஓடும். படைவீரர்கள் தாங்கள் சம்பாதித்ததை உயில் எழுதிவைக்கலாம் என்ற சலுகையே அகஸ்டஸ் காலத்தில்தான் வந்தது.

இதைக் கேட்டதும் ஊர் முழுக்கக் கிழட்டு அப்பாக்களும் புழுங்கும் மகன்களும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து ஆயுள் குறைவு. 25 வயதைத் தொடும்போது பாதிப் பேருக்கு மேல் அப்பா உயிரோடு இருந்திருக்க மாட்டார் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. தகப்பனை இழந்த சிறுவனும் அவனுக்குச் சட்டப்படி அமர்த்திய காப்பாளரும்தான் ரோமில் சாதாரணக் காட்சி.

கேள்வி: பிறந்த குழந்தையைத் தரையில் கிடத்துவார்களாம். அப்பா தூக்கினால்தான் அது பிழைக்குமாம். சரியா?

அப்படி ஒரு சடங்கு நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பெண் குழந்தைக்கு 8ஆம் நாளும் ஆண் குழந்தைக்கு 9ஆம் நாளும் பெயர் சூட்டினார்கள். அது உறுதி.

குழந்தையை வெளியே போட்டுவிடுவதும், ஐயோ, உண்மைதான். எகிப்தில், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. கி.மு. 1இல், ரோமானிய ஆட்சியின்போது, ஹிலாரியன் என்ற கூலித் தொழிலாளி அலெக்சாண்டிரியாவிலிருந்து கர்ப்பிணியான மனைவி ஆலிஸுக்குக் கிரேக்கத்தில் எழுதியது. சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள், கூலி வந்ததும் பணம் அனுப்புகிறேன் என்கிறான். பிறப்பது ஆணாக இருந்தால் இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் போட்டுவிடு என்கிறான். அடுத்த வரியிலேயே, 'என்னை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாயே, உன்னை எப்படி மறப்பேன்?' என்று உருகுகிறான். இவ்வளவும் ஒரே தாளில். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: அப்படியானால் பெண் பிள்ளைகள்மேல் பாசமே கிடையாதா?

சிசரோவைப் பாருங்கள். மகள் டுல்லியாவைக் கடிதங்களில் செல்லப்பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார். கி.மு. 45 பிப்ரவரியில், பிள்ளை பெற்ற சில வாரங்களில் அவள் இறந்துபோனாள். நாடே அறிந்த பேச்சாளர் அஸ்டூரா என்ற கடலோரக் கிராமத்தில் போய் ஒதுங்கிவிட்டார். காலையில் அடர்ந்த காட்டுக்குள் போனால் சாயங்காலம்வரை வெளியே வருவதில்லை என்று நண்பர் அட்டிகஸுக்கு எழுதுகிறார். மகளுக்குக் கல்லறை போதாது, கோயிலே கட்ட வேண்டும் என்று இடம் தேடி அலைந்தார். உனக்கு மட்டுமா இந்த நிலை என்று ஆறுதல் சொன்னவர்களின் கடிதங்கள் அவரிடம் அதிகம் எடுபடவில்லை.

கேள்வி: விவாகரத்து ஆனால் குழந்தை யாரிடம்?

சட்டப்படி அப்பாவிடம். தாய்க்கு உரிமை என்று எதுவும் இல்லை.

கேள்வி: அடிமைகளுக்குக் குடும்பம் உண்டா?

சட்டத்தின் கண்ணில் இல்லை. அடிமைக்கு முறையான திருமணம் கிடையாது, அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளை எஜமானுக்குச் சொந்தம். மனைவி குழந்தையைக் குளிப்பாட்டும்போது கூடவே இருந்து, மகனுக்குத் தானே எழுத்துச் சொல்லிக்கொடுத்த மூத்த கேட்டோ என்ற அரசியல் தலைவரைப் பாசமுள்ள அப்பா என்று புகழ்கிறோம். வயதான அடிமைகளை விற்றுவிடு என்று எழுதிவைத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விடுதலை பெற்றவர்கள் தங்கள் கல்லறைகளில் கணவன், மனைவி, பிள்ளை என்று வரிசையாக முகங்களைச் செதுக்கிவைத்தார்கள். சுதந்திரனாகப் பிறந்த பையனுக்கு மட்டுமே உரிய தாயத்தை மகன் கழுத்தில் மறக்காமல் காட்டியிருப்பார்கள். கவிஞர் ஹொரேஸின் அப்பாவும் ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவரே. சிறு நிலம், ஏலத்தில் சின்ன வேலை. உள்ளூர்ப் பள்ளி போதாது என்று மகனை ரோமுக்கே கூட்டிப்போனார். பையனை ஆசிரியர்களிடம் அழைத்துப்போக வசதியானவர்கள் அடிமையை வைப்பார்கள். அவரோ தானே கூடப் போய்க் காவல் இருந்தார். பெற்றோரை மறுபடி தேர்ந்தெடுக்க வழியிருந்தாலும் எனக்கு இவர்களே போதும் என்று மகன் கவிதையில் எழுதியிருக்கிறார்.