உள்ளூர் மக்களுக்குப் பயன்பட்ட பல்கலைக்கழகக் கூட்டுப்பணியை விருதுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து செய்த பணிகளில் சிறந்ததற்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கப் போகிறோம். வரும் விண்ணப்பங்களில் எது நிஜமான கூட்டுப்பணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

விண்ணப்பத்தை யார் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பேராசிரியர் தரப்பே முழுவதையும் எழுதி, உள்ளூர் அமைப்பின் பாராட்டுக் கடிதம் ஒன்றைப் பின்னால் இணைத்திருக்கும். சில நேரம் அந்தக் கடிதமும் துறை அலுவலகத்திலேயே தயாராகிக் கையெழுத்துக்கு மட்டும் போய் வந்திருக்கும். இதைத் தவிர்க்கப் படிவத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆளுக்கு 2 பக்கம், இரு தரப்பும் தனித்தனியாக நேரே உங்களுக்கே அனுப்பட்டும். இரண்டிலும் ஒரே கேள்விகள்தான். பதில்கள் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் நீங்கள் விசாரிக்க வேண்டியது இருக்கிறது. எழுதிப் பழக்கமில்லாத அமைப்பு என்றால் அவர்கள் பேசுவதைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

மாணவர் எண்ணிக்கை, சேவை நேரம், புகைப்படங்கள் ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். அவையெல்லாம் உழைப்பின் கணக்கு. பலன் என்ன என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. பணி தொடங்குமுன் நிலைமை எப்படி இருந்தது, எந்த அளவீட்டை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்க அளவீடே இல்லையென்றால் முன்னேற்றம் என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை.

நல்ல கூட்டுப்பணி எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2015-இல் நடந்த நீர்ப் பரிசோதனையைச் சொல்லலாம். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அந்த நகரத்தில் குழாய்நீரைப் பற்றிய சந்தேகத்தை எழுப்பியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று புட்டிகள்: பல மணி நேரம் மூடியிருந்த குழாயைத் திறந்ததும் வரும் முதல் லிட்டருக்கு ஒன்று, 45 விநாடி ஓடவிட்டபின் ஒன்று, 2 நிமிடம் ஓடவிட்டபின் ஒன்று. வீடுகளுக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்த்து, முறையை விளக்கி, திரும்ப வாங்கியது மக்களே. 252 மாதிரிகளின் கணக்கில் ஈயத்தின் 90-ஆவது சதமானம் 25 பிபிபி (பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு). அதாவது பத்தில் ஒரு வீட்டில் ஈயம் 25-க்கும் மேல். நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பாக அரசு அப்போது வைத்திருந்தது 15 பிபிபி மட்டுமே.

இதிலிருந்து மூன்று கேள்விகள் எடுத்துக்கொள்ளலாம். பிரச்சினையை முதலில் சொன்னது யார்? தரவைச் சேகரிக்கும் முறை யாருக்குக் கைவந்திருக்கிறது? முடிவு முதலில் யார் கைக்குப் போனது? மூன்றாவதுதான் மிக அதிகமாகச் சறுக்கும் இடம். கட்டுரை ஆய்விதழில் வெளிவரும் வரை முடிவைச் சொல்ல முடியாது என்று ஓராண்டு காக்கவைத்த பணிக்கு, கட்டுரை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வது 3-ஆம் படி, கருத்துக் கேட்பது 4-ஆம் படி, கூட்டு என்பது 6-ஆம் படி. கூட்டுப்பணி என்ற பெயரில் வரும் பல விண்ணப்பங்கள் 4-ஆம் படியில்தான் நிற்கும். வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது வரவுசெலவுத் தாள். உள்ளூர் அமைப்புக்கு எவ்வளவு போனது, முன்பணமாகவா, செலவழித்துப் பிறகு பெறும் முறையிலா? சிறிய அமைப்புகள் மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்க முடியாமல் பாதியில் விலகுவது இந்த இரண்டாவது முறையால்தான். தரவு யாருடைய சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது காலம். பருவத் தேர்வு வந்ததும் மாணவர்கள் போய்விடுவார்கள், மக்களின் தேவை போகாது. விடுமுறை மாதங்களில் பணியை யார் நடத்தினார்கள் என்று கேட்டாலே பாதி விவரம் வெளிவந்துவிடும். பேராசிரியர் வேறு ஊருக்கு மாறினால் பொறுப்பு யாருக்கு என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். குறைந்தது 2 ஆண்டு நடந்த பணிகளை மட்டும் பரிசீலியுங்கள்.

தேர்வுக்குழுவில் 7 பேர் என்றால் 4 பேர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வரட்டும். அவர்களுக்கு மதிப்பூதியமும் பயணச் செலவும் கொடுங்கள், கூட்டத்தை மாலையில் வையுங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த பணிகளை நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். அங்கே ஒரு மணி நேரமாவது பல்கலைக்கழகத்தார் யாரும் இல்லாமல் ஐந்தாறு பேரிடம் பேசுங்கள். பாதியில் விலகிய ஒருவரையும் தேடிப் பேசுங்கள். மற்றவர்கள் தயங்குவதை அவர் சொல்வார்.

பரிசுத் தொகையில் பாதியாவது உள்ளூர் அமைப்புக்கு, ரசீது கேட்காமல், நேரடியாகப் போக வேண்டும். பேராசிரியருக்குப் பணத்தைவிடப் பதவி உயர்வுக் கோப்பில் இந்தப் பணி கணக்கில் வருவதுதான் பெரிது. அதற்கான விதியைத் துணைவேந்தர் அலுவலகத்திடம் முன்கூட்டியே பேசி வாங்கிவையுங்கள். அது இல்லாத இடங்களில் இளம் ஆசிரியர்கள் இந்தப் பக்கமே வரத் தயங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தேர்வாகாத அமைப்புகளுக்கும் காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். விருது கொடுத்து 2 ஆண்டு கழித்து அதே இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பணி நின்றுபோயிருந்தால் எதனால் என்று எழுதி, அடுத்த குழுவின் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.