கவனமும் பிரக்ஞையும் மூளையில் ஒன்றுதானா, வெவ்வேறா?

இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தாலும் ஒன்றில்லை என்பதுதான் என் பதில். பெரியப்பாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் தட்டில் வலது பாதி மட்டும் காலியாகும், இடது பாதியில் பொரியலும் சோறும் தொடாமல் கிடக்க, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று பெரியம்மாவிடம் கேட்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார். கண்ணைப் பரிசோதித்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. இதற்கு நெக்லெக்ட் என்று பெயர், மூளையின் மேல்புறத்தில் பின்பக்கமாக இருக்கும் பரைட்டல் பகுதியில் வலது பக்கமும் அதை ஒட்டிய இடங்களும் அடிபட்டால் அதிகம் வருகிறது. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் கவனிக்கும், வலது மூளையோ இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும், அதனால் வலது படுத்துவிட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1978-இல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளிடம், மிலான் பேராலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்தில் இருப்பவை மட்டுமே பெரும்பாலும் வந்தன. சரி, இப்போது பேராலய வாசலிலிருந்து சதுக்கத்தைப் பாருங்கள் என்றதும், முதலில் விட்டுப்போன கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள்! அதாவது நினைவில் எல்லாமே இருக்கிறது, கவனம் எட்டாத பாதி மட்டும் மனக்கண்ணுக்கு வரவில்லை.

1988-இல் மார்ஷல், ஹாலிகன் என்ற ஆய்வாளர்கள் நெக்லெக்ட் உள்ள ஒரு நோயாளியிடம் இன்னொன்று செய்தார்கள். இரண்டு வீட்டுப் படங்கள், ஒன்றில் மட்டும் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. அந்த நோயாளி இரண்டும் ஒன்றுதான் என்றார், ஆனால் எதில் குடியிருப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். மூளையில் ஏதோ ஒரு பகுதி தீயைப் பார்த்திருக்கிறது, அவருக்குத்தான் அது தெரியவில்லை. மூளை பார்ப்பதும் நமக்குத் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. கவனம் கிடைத்தால்தான் அந்தச் சேதி மூளை முழுக்கப் பரவி நம் பிரக்ஞைக்கு வருகிறது என்கிறார் மூளை ஆய்வாளர் டெஹேன், எனக்கும் அதுதான் பொருந்துவதாகப் படுகிறது. ஆனால் நியூரான்களின் மின்துடிப்பு ஏன் ஓர் அனுபவமாக மாறுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கும் முந்தைய படியான, பிரக்ஞைக்கு மூளையில் உள்ள தெளிவான அடையாளம் 25 வருடத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று 1998-இல் தத்துவவாதி சாமர்ஸிடம் பந்தயம் கட்டிய மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் காக்கே, 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

அப்புறம், உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து பிடிவாதம் என்று திட்டாதீர்கள். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள், படிக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள்.